இரவில் படம் பிடிப்போம்: துருவ ஒளியும் மகனின் முகமும்



கைத்தொலைபேசியிலும் சிறிய கமராவிலும் படம் பிடிப்பது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கிய பின்னர் எனக்கு வருகின்ற கேள்விகளில் அரைவாசிக்கு மேல் இரவுப் படங்களைப் பற்றியவைதான். பகலில் எடுத்தால் நன்றாக வருகிறது, இரவில் எடுத்தால் கறுப்பாகவோ கலங்கலாகவோ வருகிறதே, ஏன் என்று கேட்கிறீர்கள். இம்மாதம் அதற்குப் பதில் எழுதலாம், உதாரணத்துக்குக் கண்டி வாவியையும் பெரஹெராவையும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஓர் அக்கா அதை வடதுருவம் வரை கொண்டுபோய்விட்டார்.

அக்காவின் பிறந்த ஊர் றத்தோட்டைப் பக்கம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பெற்று, 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளிக்கிட்டு, முகாமில் இருந்து, கடைசியில் உறவினரைத் தேடி மறுபடியும் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தார். இப்போது கட்டுகஸ்தோட்டையில் தையல் வேலை. மகன் நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். நோர்வேயின் அந்தப் பகுதி நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1980களின் பிற்பகுதியிலிருந்தே இலங்கைத் தமிழர் பலர் பின்மார்க் பிரதேசத்தின் துறைமுக ஊர்களில் மீன் வெட்டிப் பிழைத்திருக்கிறார்கள். அங்கேயே குடும்பமானவர்களும் உண்டு, சில வருடங்களில் ஒஸ்லோவுக்கு இறங்கியவர்களும் உண்டு.

மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஒன்றை அக்கா காட்டினார். மேலே பச்சை நிறத்தில் திரைச்சீலை போல ஒரு வெளிச்சம். கீழே வெள்ளையாகப் பனி. நடுவில் ஓர் ஆளின் கறுப்பு உருவம்.

“டீச்சர், இது என்னா வெளிச்சம்? வானத்துல வெளிச்சம்னா எங்களுக்கு பரா லைட்தானே. பாத்தவொடனே நெஞ்சு பதறிருச்சு.”

வன்னியிலும் வாகரையிலும் இருந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவு திடீரென்று பகலானால் பங்கருக்குள் ஓடிய உடம்பு அதை இலேசில் மறக்காது. ஆகவே முதலில் அந்த வெளிச்சம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அது துருவ ஒளி. சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட நுண்ணிய துணிக்கைகள் எந்நேரமும் வெளியே வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலம் அவற்றில் ஒரு பகுதியைத் தன் கோடுகளின் வழியே துருவங்களின் பக்கம் இழுத்துச் செல்கிறது. மேல் வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசனிலும் நைதரசனிலும் அவை மோதும்போது அந்த வாயுக்கள் ஒளிர்கின்றன. தரையிலிருந்து 100 கிலோமீற்றருக்கும் மேலே ஒட்சிசன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பாக ஒளிரும். யாரும் ஏவி விட்டதல்ல. சத்தம் போட்டு விழுவதுமல்ல. அதன் கீழே மனிதர்கள் பனியில் நடந்து கடைக்குப் போய் வருகிறார்கள்.

நம் வானத்தில் இது ஏன் இல்லை? நாம் காந்த நடுக்கோட்டின் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே காந்தக்கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கின்றன. துணிக்கைகளைக் கீழே இறக்கிவிட வழியில்லை. இந்த நடுக்கோட்டின் மேலுள்ள வானத்தை ஆராய்வதற்காகத்தான் 1963இல் இந்தியா கேரளத்தின் தும்பாவிலிருந்து தனது முதல் ஆய்வு ரொக்கெற்றை அனுப்பியது. ஆனால் சூரியன் மிகவும் சீறினால் ஒளி தெற்கே இறங்கி வருவதுண்டு. 2024 மே 10ஆம் திகதி இரவு, 2003க்குப் பின்னர் வந்த மிகப் பெரிய காந்தப்புயலின்போது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் உறவுகள் வீட்டு வாசலில் நின்றே அதைப் பார்த்தார்கள். லடாக்கின் ஹான்லே வானாய்வு நிலையத்தின் கமராக்களிலும் அன்று அது சிவப்பாகப் பதிந்தது. பச்சைப் பகுதி தாழ்வானது என்பதால் அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. உயரத்திலிருந்த சிவப்பு மட்டும் வடக்கு அடிவானத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா படத்தை விரலால் பெரிதாக்கினார். “ஆகாயம் பச்சையா நல்லாத்தான் இருக்கு டீச்சர். எம் புள்ள மொகம் எங்க?”

அவரிடம் மகனின் பழைய படம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். முகாமில் பதிவுக்காக எடுத்த, முத்திரை அளவுப் படம். கல்யாண அல்பம், பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போயின. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் கதை இதுதான். அதனால் வானத்தை அழகாகப் பிடிப்பது எப்படி என்பதோடு நான் நிறுத்தப் போவதில்லை. வானமும் வரவேண்டும், கீழே நிற்பவரின் முகமும் வரவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் கமராவின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கோடை காலத்தில் குழாயில் நூல் போலத் தண்ணீர் வருகிறது, வாளி நிரம்ப வேண்டும் என்றால் என்ன செய்வோம்? அதிக நேரம் வைத்திருப்போம், இல்லையென்றால் குழாயின் வாயை இன்னும் திறப்போம். கமராவிலும் அப்படித்தான். வாய் எவ்வளவு திறக்கிறது என்பது துவாரம். எஃப் என்ற எழுத்தோடு வரும் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. அது தண்ணீரைக் கூட்டுவதில்லை, வானொலியின் சத்தத்தைக் கூட்டுவது போன்றது. பாட்டும் கூடும், கூடவே இரைச்சலும் கூடும். ஐ.எஸ்.ஓ.வை மிக உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழுவது அதனால்தான்.

பகலில் கமரா ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். துருவ ஒளிக்கு அது பல செக்கன்கள் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்தக் கையும் ஆடாமல் இருக்காது. ஆகவே முக்காலித் தாங்கி இல்லாமல் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். பணம் செலவழிப்பதானால் முதலில் தாங்கிக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள், புதிய கமராவுக்கல்ல.

மகனிடம் பழைய கமரா ஒன்று இருந்தது, கூடவே வந்த சாதாரண வில்லையோடு. அக்காவின் கைத்தொலைபேசியில் அவனுக்குக் குரல்பதிவாக நான் சொல்லி அனுப்பியது இது. கமராவின் சில்லை எம் என்ற எழுத்துக்குத் திருப்பு, அப்போதுதான் எல்லாம் உன் கையில். வில்லையை அகலக் கோணத்துக்கு, அதாவது 18 மில்லிமீற்றருக்குக் கொண்டுவா. துவாரத்தை அது போகக்கூடிய மிகச் சிறிய எண்ணுக்கு வை; உன்னுடையதில் 3.5 இருக்கும். 2.8 அல்லது அதற்குக் குறைந்த வில்லை உள்ளவர்கள் இன்னும் வசதியானவர்கள். ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 10 செக்கன். இது தொடக்கம் மட்டுமே. ஒளி மங்கலாக, அசையாமல் கிடந்தால் ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கு, 15 செக்கன் கொடு. பிரகாசமாகி ஆடத் தொடங்கினால் 2 முதல் 4 செக்கனுக்குக் குறைத்துவிடு. ஆடும் ஒளிக்கு நீண்ட நேரம் கொடுத்தால் திரையின் மடிப்பெல்லாம் குழம்பி, பச்சைக் கஞ்சி போலாகிவிடும். ஃபிளாஷை நிறுத்து. தெளிவைக் கமராவிடம் விடாதே. இருட்டில் அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கையால் திருப்பும் முறைக்கு மாற்றி, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பு. பொத்தானை அழுத்தும்போதே கமரா நடுங்கும், ஆகவே 2 செக்கன் டைமரைப் போடு. வெள்ளைச் சமநிலையை 3500 முதல் 4000 கெல்வினுக்குள் வைத்தால் வானம் மஞ்சளடிக்காது. ரோ என்ற வடிவத்தில் சேமித்தால் பிறகு கணினியில் வெளிச்சத்தையும் நிறத்தையும் நன்றாகத் திருத்தலாம்.

குளிரைப் பற்றியும் சொன்னேன், அவன் அதில் என்னைவிட அனுபவசாலி என்றாலும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். மாற்றுப் பற்றரியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்திருக்க வேண்டும். வில்லையின் மேல் மூச்சு விடக்கூடாது. படம் எடுத்து முடிந்ததும் கமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேலும் உள்ளும் நீர் படியும். வெளியிலேயே பொலித்தீன் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டி, உள்ளே வந்து இரண்டொரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். இந்த விஷயம் நுவரெலியாவில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஓரளவுக்குப் பொருந்தும்.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம். இப்போதைய தொலைபேசிகள் பலவற்றில் நைட் மோட் இருக்கிறது. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. தொலைபேசி ஆடாமல் நிற்பதை உணர்ந்தால் சிலவற்றில் தானாகவே நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். புரோ என்ற பகுதி இருந்தால் மேலே சொன்ன ஐ.எஸ்.ஓ.வையும் ஷட்டரையும் அதிலேயே கொடுக்கலாம்.

இனி முகம். கறுப்பு உருவமாக அந்தப் பிள்ளை வந்ததற்குக் காரணம் எளியது. வானத்தின் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால். முகத்தில் விழ ஒன்றுமில்லை. ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். வழி இதுதான்: கமராவிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி நில். அகலக் கோண வில்லைக்கு அந்தத் தூரத்தில் நீயும் தெளிவாய் இருப்பாய், நட்சத்திரமும் பெரும்பாலும் தெளிவாய் இருக்கும். கால்களைச் சற்று அகட்டி, ஒரு தூணிலோ வேலியிலோ சாய்ந்துகொள். கமரா திறந்ததும் பக்கவாட்டில் நிற்கும் நண்பன் தன் தொலைபேசியின் திரையை வெள்ளையாக்கி, உன் முகத்தின் மேல் ஒரு செக்கன் காட்டிவிட்டு அணைக்கட்டும். ரோச் வெளிச்சம் வேண்டாம், அது மிகக் கடுமை. வேறு வழியில்லை என்றால் ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொள்ளலாம். வெளிச்சம் அணைந்த பின்னும் நீ அசையாதே. கமரா மூடும் சத்தம் கேட்கும் வரை சிரித்தால் சிரித்தபடியே, சும்மா இருந்தால் சும்மா இருந்தபடியே நில். அரை நிலா உள்ள இரவென்றால் இன்னும் நல்லது. நிலவும் பனியும் சேர்ந்து முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தாமே தந்துவிடும்.

மூன்று கிழமை ஒன்றும் வரவில்லை. அங்கே மேகமாம். நான்காவது கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அக்காவின் தொலைபேசி கிணுகிணுத்தது. ஒன்பது படங்கள். ஏழு சரியில்லை, ஒன்றில் அவனுக்கு இரண்டு தலை. இரண்டு நன்றாக வந்திருந்தன. வகுப்பில் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அக்கா அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. “தாடி வளத்திருக்கான். ஜக்கெட்டுல மேல் பொத்தான் இல்ல, பாருங்க” என்றார், தையற்காரியின் கண்ணோடு. அன்று மாலையே குயின்ஸ் ஹோட்டல் பக்கத்துக் கடையில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மகன் சொன்ன ஒரு விஷயத்தையும் இங்கே எழுத வேண்டும். “அம்மா, கண்ணுக்கு அது இவ்வளவு பச்சையா தெரியாது. பல நாள் புகை மாதிரி சாம்பலாத்தான் தெரியும், படத்துலதான் பச்சை.” இதைக் கேட்டு, அப்படியென்றால் படம் பொய்தானே என்று ஒரு தங்கை கேட்டார். பொய் அல்ல. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணால் நிறத்தைச் சரியாகப் பிரிக்க முடியாது. விடிவதற்கு முன் முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பார்த்தால் சிவப்புத் தெரியாதே, அது போல. கமரா பத்துச் செக்கன் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. ஒளி மிகப் பலமான இரவுகளில் கண்ணுக்கும் பச்சை தெரியும், சில வேளை ஓரத்தில் இளஞ்சிவப்பும் தெரியும்.

வட நோர்வேயில் இருப்பவர்களை ஆனி ஆடியில் துருவ ஒளிப் படம் கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள். கோடையில் அங்கே சூரியனே மறைவதில்லை. செப்ரெம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரைதான் அதற்குக் காலம். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் எழும்புவதே இல்லை. “எம் புள்ள ரெண்டு மாசம் இருட்டுலயா இருக்கான்?” என்று அக்கா கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. நண்பகலில் சில மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும் என்பது உண்மை. அதைச் சொன்னேன்.

சரி, கண்டிக்கு வருவோம். இதே பாடத்தை இங்கே பழக நல்ல இடங்கள் உண்டு. வாவியைச் சுற்றியுள்ள மேகச் சுவரில் முக்கோண வடிவில் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், முன்பு விசேட நாட்களில் விளக்கு வைப்பதற்காக அமைத்தவை. அந்தச் சுவரின் மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்தால் தாங்கியே வேண்டாம். சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் கருநீலமாக இருக்கும்போது ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 10 செக்கன் என்று எடுத்துப் பாருங்கள். மாளிகை விளக்குகள் நீரில் தங்கக் கோடுகளாக விழும். முழு இருட்டான பின் எடுத்தால் வானம் வெறும் கறுப்பு, அவ்வளவு வடிவாக இராது.

பெரஹெரா வேறு கணக்கு. பந்தக்காரரும் நடனக்காரரும் நமக்காக நிற்க மாட்டார்கள். அங்கே நேரத்தைக் குறைத்து, செக்கனில் 60இல் அல்லது 125இல் ஒரு பங்கு வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு உயர்த்த வேண்டும். புள்ளி விழுந்தால் விழட்டும். கொப்பறாப் பந்தம் கிட்ட வரும் கணத்துக்காகக் காத்திருங்கள், அந்த மஞ்சள் வெளிச்சமே முகங்களுக்குப் போதும். யானைக்கு முன்னால் ஃபிளாஷ் போடவே கூடாது. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் விளக்கோடு நிற்கும் பிள்ளையை எடுப்பதற்கு, முகத்திலிருந்து ஒரு முழத்துக்குள் விளக்கு இருக்க, தொலைபேசியை ஒரு கதிரையில் ஊன்றி, பிள்ளையை மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நட்சத்திரங்களுக்கு நகர வெளிச்சம் எதிரி. ஹந்தானையின் மேல் தோட்டங்களிலிருந்தோ நக்கிள்ஸ் பக்கக் கிராமங்களிலிருந்தோ நன்றாகத் தெரியும். ஆனால் இருட்டில் தனியே எங்கும் போகாதீர்கள். உங்கள் வீட்டு வாசல் போதும், தெரு விளக்கு படாத மூலையாக இருந்தால் சரி. இருட்டில் வெளியே நிற்பதே மனதைப் பிசைகிறது என்றால் அன்று விட்டுவிடுங்கள். படம் எங்கும் ஓடிவிடாது.

அக்கா இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறார். துருவ நட்சத்திரம் மகனுக்குத் தலைக்கு மேலே 70 பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்கோ அடிவானத்திலிருந்து 7 பாகைதான், மலைகள் அதை மறைத்துவிடுகின்றன. ஆனால் திருவாதிரை நட்சத்திரத்தின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் இருவருக்கும் பொது. தை மாதம் கண்டியில் இரவு 11 மணிக்கு அவை கிட்டத்தட்ட நம் உச்சியில் இருக்கும். அதே கணம் அங்கே மாலை 6.30, அவனுக்குத் தென்கிழக்கில் தாழ்வாக, சரிந்து தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் எடுப்பது என்று பேச்சு. இதற்குத் தொலைபேசியில் ஐ.எஸ்.ஓ. 1600, 15 செக்கன் சரி. 20 செக்கனைத் தாண்டினால் பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடத் தொடங்கும்.

தாங்கி வாங்க வசதியில்லாத சகோதரிகள் நீளமான பழைய காலுறை ஒன்றில் அரை கிலோ அரிசியைப் போட்டு, வாயைக் கட்டி, படிக்கட்டின் மேல் வைத்து அதற்குள் தொலைபேசியைப் பதித்துவிடுங்கள். எந்தப் பக்கம் சரித்தாலும் அசையாமல் நிற்கும். காலுறையை நன்றாகத் துவைத்திருந்தால் அடுத்த நாள் அரிசியை உலையிலும் போடலாம்.